பெரிய மீனும் பெரிய பெட்டியும்

“பெரிய ஏரியில் பெரிய ப்ரீம் பிடிக்கணும். என்ன தூண்டில் வாங்கலாம், என்ன இரை போடலாம்?”

ஏழு வருடங்களுக்கு முன்னால், இங்கிலாந்துக்கு வேலைக்கு வந்த புதிதில், ஒரு தூண்டில் கடையில் போய் இப்படிக் கேட்டேன். கடைக்காரர் முகம் மலர்ந்துவிட்டது. அவர் சொன்ன பதில் என் காரின் டிக்கியையும் பின் இருக்கையையும் நிறைத்தது. மூன்று கோல், மூன்று ரீல், மூன்று அலாரம், ஆறு வித நரம்பு, பதினொரு வித இரை. அந்த வருடம் முழுக்க நான் பிடித்த ப்ரீம் எத்தனை தெரியுமா? பூஜ்யம்.

கடைக்காரர் மேல் எனக்குக் கோபமில்லை. கேட்டதற்குத்தான் பதில் சொன்னார். என் சண்டை அந்தக் கேள்வியோடு. அது தவறான கேள்வி என்றுகூடச் சொல்லமாட்டேன். மூன்றாவதாகக் கேட்கவேண்டியதை முதலில் கேட்கிற கேள்வி. ஒரு தொழிலே அந்த வரிசைப் பிழையின் மேல் நிற்கிறது. அதை எதிர்ப்பதாகச் சொல்லிக்கொள்ளும் இன்னொரு கூட்டமும் இருக்கிறது. அது இன்னும் மோசம். இரண்டு பேரையும் திட்டத்தான் இந்தக் கட்டுரை.

அதற்கு முன்னால் உங்கள் கேள்வி ஒன்று இருக்கும். “திங்கிறதுக்கா பிடிக்கிறீங்க?” இல்லை. இங்கே ஏரிகளில் ப்ரீம் பிடிப்பவர்கள் அநேகமாக எல்லோரும் எடை பார்த்துவிட்டு மீனைத் தண்ணீரிலேயே விட்டுவிடுவார்கள். “அப்புறம் எதுக்குய்யா அதைப் பிடிச்சு இம்சை பண்றீங்க?” என்று என் அம்மா ஃபோனில் கேட்டார். நேர்மையான கேள்வி. இம்சைதான். அந்த இம்சைக்கு என்னிடம் முழுமையான நியாயம் கிடையாது. ஆனால், தின்னாமல் விடப்போகிற மீனைப் பிடிக்கிறவனுக்கு அந்த மீனை உருப்படியாகத் திருப்பி அனுப்புகிற கடமை இருக்கிறது. தூண்டிலைத் தேர்ந்தெடுப்பது ரசனை சார்ந்த விஷயமாக இல்லாமல் ஒழுக்கம் சார்ந்த விஷயமாக ஆவது இந்த இடத்தில்தான். பின்னால் இதற்குத் திரும்பி வருகிறேன்.

*

ப்ரீம் என்பது தட்டையான, உயரமான, வெண்கல நிறத்து மீன். பக்கவாட்டில் பார்த்தால் சாப்பாட்டுத் தட்டு மாதிரி இருக்கும். உடம்பெல்லாம் வழவழவென்று கோழை. சின்ன ப்ரீமுக்கு இங்கே மரியாதை கிடையாது. ஈரத் துணியை இழுக்கிற மாதிரி வருகிறது என்று கேலி செய்வார்கள். ஆனால் பத்து பவுண்டுக்கு மேல், அதாவது நாலரைக் கிலோவுக்கு மேல் போய்விட்டால் கதையே வேறு. இருபது வருடத்துக்கு மேல் வாழக்கூடிய இனம் இது. பத்து பவுண்ட் ப்ரீம் என்றால் என் டீமில் வேலை செய்யும் சில பையன்களின் வயதை அது நெருங்கிக்கொண்டிருக்கும். பிரிட்டனின் சாதனை மீன் 2012-இல் கேம்பிரிட்ஜ்ஷயரின் ஃபெர்ரி லகூனில் பிடிபட்டது: 22 பவுண்ட் 11 அவுன்ஸ். பத்துக் கிலோவுக்கும் கொஞ்சம் மேலே.

இப்படிப்பட்ட மீன்கள் வாழும் நீர்நிலைகளுக்கு ஒவ்வொரு கதை உண்டு. செஷயரில் பனியுகம் விட்டுச்சென்ற பள்ளங்கள், மியர் என்று பெயர். ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில் ட்ரிங் நீர்த்தேக்கங்கள். கால்வாய்ப் படகுகள் மேட்டைக் கடக்கத் தண்ணீர் கொடுப்பதற்காக 1800களின் தொடக்கத்தில் கட்டப்பட்டவை. அப்புறம் சரளைக் குழிகள். சாலை போடவும் கட்டடம் கட்டவும் மண்ணும் சரளையும் தோண்டி எடுத்துவிட்டு, பம்பை நிறுத்தியதும் நிலத்தடி நீர் ஏறி நிரம்பிய ஏரிகள். தோண்டிய இயந்திரம் எப்படிப் போனதோ அப்படியே அடித்தளம்: நடுவில் நீளமாகச் சரளை மேடுகள், இடையில் சேறு படிந்த ஓடைகள். நான் போகும் ஏரி இந்த ரகம். ஐம்பது ஏக்கர் இருக்கும். அதில் பெரிய ப்ரீம் ஒரே ஒரு சின்னக் கூட்டம்தான்.

மீன் குறைவாக இருப்பதால்தான் ஒவ்வொன்றும் பெரிதாக வளர்கிறது. உணவைப் பங்குபோட ஆளில்லை. இதன் மறுபக்கத்தை யோசித்துப் பாருங்கள். ஐம்பது ஏக்கரில் ஒரு கூட்டம் என்றால், எந்த நேரத்திலும் ஏரியின் மிகப் பெரும்பகுதி காலி. காலியான இடத்தில் நீங்கள் எவ்வளவு விலையுயர்ந்த முள்ளைப் போட்டாலும் அது காலியான இடத்தில் கிடக்கும் முள்தான்.

*

மென்பொருள்காரனுக்கு இது புதுசா என்ன? ஒரு ப்ரோகிராம் மெதுவாக ஓடுகிறது என்றால் புது ஆள் உடனே ஒரு ஃபங்ஷனைத் திருத்தி எழுத ஆரம்பிப்பான். அனுபவஸ்தர் சொல்வார்: “முதல்ல ப்ரொஃபைலர் ஓட்டு. நேரம் எங்க போகுதுன்னு பாரு.” ஆபீசில் இதைப் பத்து வருடமாக மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்த நான், ஏரிக்கரையில் மட்டும் இரையின் வாசனையை மாற்றி மாற்றி ஆப்டிமைஸ் பண்ணிக்கொண்டிருந்தேன். ஸ்ட்ராபெரி போதவில்லையா, க்ரில் போடு. க்ரில் போதவில்லையா, அன்னாசி.

அந்த ஏரியில் எனக்கு ஒரு யாழ்ப்பாணத்து ஐயா பழக்கம். ஓய்வுபெற்றவர், முப்பது வருடத்துக்கு மேல் இங்கே இருக்கிறார். ஒருநாள் நான் தள்ளுவண்டியில் சாமான்களை இழுத்துக்கொண்டு வருவதைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

“என்ன தம்பி, கடையையே தூக்கிக்கொண்டு வந்திட்டீர்?”

“இல்லீங்க ஐயா, எது தேவைப்படும்னு தெரியலை. அதான்.”

“மீன் எங்கை நிக்குதெண்டு பாத்தனீரே?”

“இல்லைங்க. இருட்டுறதுக்குள்ள இரையைப் போட்டுடலாம்னு...”

“ஆள் இல்லாத வீட்டு வாசலிலை இலை போட்ட மாதிரியெல்லோ கிடக்கு.”

அன்று மாலை அவர் தூண்டிலையே எடுக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து பிளாஸ்கிலிருந்து தேத்தண்ணி குடித்தபடி பைனாகுலரில் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சூரியன் இறங்கியபின் ஒரு நேரம் வந்தது. தொலைவில் தண்ணீரின் மேல் ஒரு கரிய முதுகு எண்ணெய் மாதிரி வழுக்கிப் புரண்டது. சத்தமே இல்லை. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று, பத்தடி தள்ளி. ப்ரீம் இரை மேயப் போவதற்கு முன் அடிக்கடி இப்படி மேலே வந்து புரளும். அந்திக்கும் விடியலுக்கும் அதைப் பார்த்தவனுக்குப் பாதி வேலை முடிந்தது. நான் இரையைக் கொட்டி வைத்திருந்த இடத்துக்கும் அந்த முதுகுகளுக்கும் நடுவே ஒரு கால்பந்து மைதானம் இருந்தது.

ஆக, முதல் கேள்வி: மீன் எங்கே? ப்ரீம் கூட்டமாகச் சுற்றும்; மேடுகளின் ஓரமாக, ஓடைகளின் வழியாகத் திரும்பத் திரும்ப ஒரே பாதையில் போகும். அந்தப் பாதையைக் கண்டுபிடிக்கக் கண்கள் வேண்டும், மாலைகள் வேண்டும். கடையில் இதற்கு உதவும் பொருள் ஒன்றுதான்: அடியில் ஈயமும் மேலே தக்கையும் கட்டிய மார்க்கர் நரம்பு. ஈயத்தை மெதுவாக இழுத்தால் அடித்தளம் கைக்குத் தெரியும். சரளை என்றால் கடகடவென்று தட்டும். சேறு என்றால் ஒட்டிக்கொண்டு திடீரென்று விடும்.

இரண்டாவது கேள்வி: எப்போது? தெளிந்த நீர் உள்ள சரளைக் குழிகளில் பெரிய ப்ரீம் பெரும்பாலும் இரவில்தான் மேயும். பகலில் நீங்கள் போடுவதை வாத்துகள் முங்கித் தின்னும், சின்ன மீன்கள் கொத்தித் தின்னும். நள்ளிரவுக்கும் விடியலுக்கும் நடுவில் தூங்காமல் இருக்கும் சாமர்த்தியத்தை எந்தக் கடையும் விற்பதில்லை.

இவை இரண்டுக்கும் பதில் தெரிந்தபின் மூன்றாவதாகக் கேளுங்கள், என்ன தூண்டில், என்ன இரை என்று. அப்போது பதில் ஒரு தோள்பையில் அடங்கிவிடும்.

*

இரை விஷயத்தில் ப்ரீமின் வாயைப் பார்த்தாலே போதும். அது குழாய் மாதிரி கீழ்நோக்கி நீளும். தலையைக் கீழே சாய்த்து, சேற்றை உறிஞ்சி, செவுள் முட்களால் சல்லடை போட்டுச் சிவப்பு நிறப் பூச்சிப்புழுக்களை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் துப்பும். வாழ்நாளெல்லாம் சேற்றைச் சலித்துத் தின்கிற பிராணிக்கு, சின்னச் சின்னதாக நிறையச் சிதறிக் கிடக்கும் உணவுதான் பழக்கம். ரொட்டித் தூள், நறுக்கிய மண்புழு, மக்காச்சோளம், வேகவைத்த ஹெம்ப் விதை, இவ்வளவே போதும். ஐசக் வால்டன் 1653-இல் முதலில் வெளிவந்த தன் தூண்டில் நூலில் ப்ரீமுக்கு ஒரு அத்தியாயம் ஒதுக்கியிருக்கிறார். அதில் வரும் செய்முறை: பார்லி மால்ட்டைக் கொரகொரப்பாக அரைத்துக் கொதிக்க வைத்து, இரவு எட்டு ஒன்பது மணிக்குத் தண்ணீரில் போட்டுவிட்டு, காலை மூன்று நான்கு மணிக்குப் போய்ப் பார். மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் ஆகியும் இதில் மாற்றவேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. பதினொரு வாசனைகள் எனக்குத்தான் தேவைப்பட்டன, மீனுக்கில்லை.

முள்ளில் மாட்டும் இரையைத் தேர்ந்தெடுக்க ஒரு நடைமுறைக் காரணம்தான் உண்டு: வேறு எது வந்து தின்றுவிடும்? ஈப்புழு போட்டால் ரோச்சும் பெர்ச்சும் விடாது. இரவில் மண்புழு போட்டால் விலாங்கு வரலாம். சின்ன மீன் தொல்லை அதிகம் என்றால் இரண்டு சோள முத்து, அல்லது பத்து மில்லிமீட்டர் பாய்லி உருண்டை. தொல்லை இல்லை என்றால் மண்புழுவுக்கு மிஞ்சி எதுவுமில்லை. முடிந்தது இரை ஆராய்ச்சி.

இங்கே ஒரு நியாயமான எதிர்வாதம் இருக்கிறது. “அப்படீன்னா பெரிய ப்ரீம் பிடிச்சவங்கள்ல நிறையப் பேர் ஏன் கிலோ கணக்குல இரை போடுறாங்க?” உண்மைதான். வால்டன் சொல்லும் அளவே ஒன்று ஒன்றரைப் பெக். லிட்டரில் ஒன்பதிலிருந்து பதினான்கு வரை வரும். கூட்டமாக வரும் பெருந்தீனிக்கார மீனை ஒரு இடத்தில் நிறுத்திவைக்கத் தீனி வேண்டும். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர்கள் கொட்டுவது பாதையைக் கண்டுபிடித்தபின். பாதை தெரியாதவன் கொட்டும் பத்துக் கிலோ அறியாமையைச் சோளத்தால் மூடுகிற வேலை. மீன் வரவில்லை என்றால் அது அங்கேயே புளித்து அழுகும். அடுத்த நாள் நிஜமாகவே அந்தப் பக்கம் வரும் கூட்டமும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகும். ஒருமுறை போட்டதைத் திரும்ப எடுக்க முடியாது. ப்ரொடக்‌ஷனில் டெப்ளாய் பண்ணிவிட்டு, ரோல்பேக் கிடையாது என்று தெரிந்துகொள்வதைப் போல.

*

இப்போது அடுத்த கூட்டத்துக்கு வருவோம். நான் இன்னும் அதிகம் கோபப்படுவது இவர்கள்மேல்தான், ஏனென்றால் கொஞ்சகாலம் நானும் இதில் இருந்தேன்.

கடைக்காரரிடம் ஏமாந்தபின் நான் நேர் எதிர்ப் பக்கம் சாய்ந்தேன். கருவிகளே வேண்டாம், எளிமைதான் அழகு. மெல்லிய நரம்பு, சின்ன முள், மீனுக்கு ஒரு ‘நியாயமான வாய்ப்பு’. நம் இலக்கிய நண்பர்களிடம் பேசினால் இதற்கு இன்னும் வார்னிஷ் அடித்துக் கொடுப்பார்கள். தூண்டில் என்றாலே தியானம், காத்திருத்தல், வெறுமை. கவிதை எழுத மட்டும் கரையில் உட்காருகிற யாருக்கும் முள்ளின் மறுமுனையில் ஒரு வாய் இருப்பது ஞாபகம் இருப்பதில்லை.

ஒரு ஏப்ரல் கடைசி. அதிகாலை மூன்று மணி. எறிந்திருந்த இடம் சரளை மேட்டின் ஓரம். அதில் சீப்ரா சிப்பிகள் ஒட்டிக்கிடந்தன, ஓடுகள் பிளேடு மாதிரி. முள்ளோடு சேர்ந்த கடைசி அரையடி நரம்பு 0.12 மில்லிமீட்டர். மீன் கண்ணுக்குத் தெரியாது, இயல்பாக இருக்கும் என்று நானே தேர்ந்தெடுத்தது. அலாரம் அடித்தது. கோலைத் தூக்கினேன். ப்ரீம் பாய்ந்து ஓடுகிற மீன் இல்லை. கனமாகத் தலையை ஆட்டும். தொம்... தொம்... என்று அந்த ஆட்டம் கைக்கு வரும். பத்து நிமிஷம் வந்தது. கைவலைக்கு இரண்டு கோல் தூரத்தில், ஹெட்லைட் வெளிச்சத்தில் அதைப் பார்த்தேன். என் கணிப்பில் பன்னிரண்டு பவுண்டுக்குக் குறையாது. முதுகு கறுத்துப்போன கிழ மீன். அடுத்த தலையாட்டலில் நரம்பு லேசாகிவிட்டது.

சுருட்டிப் பார்த்தேன். சிப்பியில் உரசிப் பஞ்சு மாதிரி ஆகியிருந்தது. முள் மீனின் வாயில்தான் இருந்தது. கழன்றுவிடாமல் பிடிக்கும் சின்னப் பல் உள்ள முள். அந்தப் பல்லையும் நான்தான் தேர்ந்தெடுத்தேன்.

விடிந்ததும் ஐயா வந்தார். சொன்னேன். வழக்கமாக ஏதாவது கிண்டலாகச் சொல்கிற மனுஷன், நரம்பின் நுனியை விரலில் வைத்துப் பார்த்தார்.

“இது உம்மடை பிழை தம்பி. மீன்ரை அதிர்ஷ்டம் இல்லை,” என்றார். அவ்வளவுதான்.

அந்த மீன் முள்ளை உதறிவிட்டுப் பிழைத்திருக்கலாம். பிழைக்காமலும் போயிருக்கலாம். குழாய் மாதிரி நீட்டி உறிஞ்சித் தின்னும் வாயில் ஒரு உலோகத் துண்டோடு சேற்றைச் சலிப்பது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அன்றிலிருந்து ‘நியாயமான வாய்ப்பு’ என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. மெல்லிய நரம்பு மீனுக்குக் கொடுக்கும் வாய்ப்பு, முள்ளோடு தப்பிப் போகும் வாய்ப்பு. பயன் முழுக்க நமக்குத்தான்: நாம் நுட்பமானவர்கள் என்று நம்மைப் பற்றியே நினைத்துக்கொள்ளலாம்.

பொறுப்பில்லாத கருவிக்கு யார் விலை கொடுப்பார்கள் என்பதற்கு இந்த நாட்டில் ஒரு பழைய பாடமே இருக்கிறது. தூண்டில்காரர்கள் தவறவிட்ட சின்ன ஈயக்குண்டுகளைக் கூழாங்கல் என்று விழுங்கி அன்னங்கள் ஈய விஷமேறிச் செத்தன. 1987-இல் 0.06 கிராமிலிருந்து 28.35 கிராம் வரையிலான ஈய எடைகளுக்குத் தடை வந்தது. குண்டைத் தவறவிட்ட ஒருவருக்கும் அன்னத்தைக் கொல்லும் எண்ணம் இருந்திருக்காது. எண்ணம் நன்றாக இருப்பது மட்டும் போதாது என்பதால்தான் சட்டம் தேவைப்பட்டது.

*

திட்டிவிட்டு ஓடிப்போவது நியாயமில்லை. என் தோள்பையில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன்.

கோல் இரண்டு, டெஸ்ட் கர்வ் சுமார் 2 பவுண்ட். நுனி தொண்ணூறு டிகிரி வளைய எவ்வளவு எடை வேண்டும் என்பதுதான் அந்த எண். இரை நிரப்பிய 2 அவுன்ஸ் ஃபீடர் கூண்டை அறுபது கஜம் எறியத் தாங்கும், மீன் தலையாட்டும்போது வளைந்தும் கொடுக்கும். கார்ப் மீனுக்கான முரட்டுக் கோல் எறியும், ஆனால் வளையாது. முள் வாயைக் கிழிக்கும். பிரதான நரம்பு 10 பவுண்ட், சிப்பி மேடு என்றால் 12. முள்ளோடு சேரும் நரம்பு 8 பவுண்டுக்குக் கீழே கிடையாது, நீளம் ஆறு அங்குலம். முள் 10 அல்லது 12ஆம் எண், பல் இல்லாதது. பிரதான நரம்பு அறுந்தாலும் மீன் கூண்டை இழுத்துக்கொண்டு அலையாதபடி, கூண்டு தானாக நழுவிப் போகும் முடிச்சு அமைப்பு. ஒவ்வொரு பயணத்துக்கு முன்னாலும் வீட்டில் இழுத்துச் சோதிப்பது இது ஒன்றைத்தான்.

பன்னிரண்டு அடி இடைவெளியில் கரையில் குத்தும் இரண்டு குச்சிகள். நரம்பை அவற்றில் சுற்றி எண்ணினால் ஒரு சுற்று நான்கு கஜம். பதினாறு சுற்று என்றால் அறுபத்து நான்கு. ரீலின் க்ளிப்பில் நரம்பை மாட்டிவிட்டால் கும்மிருட்டிலும் அதே தூரத்தில் போய் விழும். என் பையிலேயே விலை குறைந்த பொருள் இது. எனக்கு அதிக மீன் பிடித்துக் கொடுத்ததும் இதுதான்.

பெரிய கைவலை. மீனைக் கிடத்த மெத்தை. முதலில் அதைத் தண்ணீரில் நனைக்கவேண்டும், ஏனென்றால் நாம் அருவருக்கிற அந்தக் கோழைதான் மீனுக்குக் காப்பு. காசு செலவழிக்கத்தான் வேண்டும் என்றால் இந்த இரண்டிலும் செலவழியுங்கள். கடைகளில் இவற்றைக் கடைசி மூலையில் வைத்திருப்பார்கள்.

இரை: ரொட்டித் தூள் இரண்டு கிலோ, சோளம் ஒரு டின், மண்புழு ஒரு டப்பா. முதல் முதுகு புரள்வதைப் பார்க்கும்வரை எதையும் திறப்பதில்லை.

இப்படிப் போனால் நிறையப் பிடிப்பீர்கள் என்று நான் சத்தியம் செய்யவில்லை. போன வருடம் இருபத்திரண்டு இரவுகளில் எனக்கு வந்தது நான்கு ப்ரீம். பெரியது 11 பவுண்ட் 3 அவுன்ஸ். அதன் வாயை டார்ச் அடித்து உள்ளே வரை பார்த்தேன். பழைய முள் ஏதும் இல்லை. அது அந்த மீனே இல்லை, அளவும் நிறமும் வேறு என்று தெரியும். இருந்தும் பார்த்தேன். இனி எந்த ப்ரீம் வந்தாலும் அப்படித்தான் பார்ப்பேன் போல.

இந்த வெள்ளிக்கிழமை மறுபடி போகிறேன். இருட்டும்வரை கோல்கள் காரிலேயே கிடக்கும். ஐயா எனக்கும் சேர்த்துத் தேத்தண்ணி கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார்.